எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குச் சில வருடம் கழித்து எடை ஏறுகிறதா?

ஸ்லீவோ (இரைப்பையை வெட்டிச் சிறிதாக்குவது), இரைப்பை பைபாஸோ (இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைப்பது) செய்து மூன்று, நான்கு வருடம் ஆனபின் எடை மெல்ல ஏறினால், முதலில் டீயோடு என்ன கொறிக்கிறீர்கள் என்று பாருங்கள். முறுக்கு, மிக்ஸர், பிஸ்கட் எல்லாம் டீயோடு கூழாகிச் சட்டென இறங்கிவிடும். வயிறு நிறைந்த உணர்வே வராது. முட்டையும் மீனும் அப்படியில்லை, நின்று பசியடக்கும். எனவே தட்டில் முட்டை, மீன், பனீர், சுண்டல் முதலில். சோறு கடைசியில், அதுவும் இடமிருந்தால். சாதாரணமாக நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு முட்டை தருவது 6 கிராம்தான்! சாப்பிடும்போதும், முடித்து 30 நிமிடமும் தண்ணீர் வேண்டாம். ரசமும் தண்ணீர்க் கணக்குதான். பி12 மாத்திரையை நிறுத்தாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையைக் கால்சியத்தோடு சேர்த்து விழுங்கினால் சரியாக உடலில் சேராது. நடுவே 2 மணி நேரம் விடுங்கள்.