டெலிகிராம் குழுவில் கடன் விளம்பரத்தை விரட்டுவது எப்படி

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்கைச் சுற்றியுள்ள தமிழர்களுக்காக ஒரு டெலிகிராம் குழு நடத்துகிறேன். பிள்ளைகள் டியூஷன், தேக்கா சந்தையில் மீன் என்ன விலை, இவ்வளவுதான் பேச்சு. போன டிசம்பரில் "15 நிமிடத்தில் பணம்" என்று ராத்திரியெல்லாம் விளம்பரம் கொட்டத் தொடங்கியது.

முதலில் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற கடன் நிறுவனம்கூடத் தன் இணையத்தளம், தன் கடை, வணிகத் தகவலேடு ஆகிய மூன்றில்தான் விளம்பரம் செய்யலாம். அதனால் "ஒருவேளை நல்ல கம்பெனியோ" என்று யோசிக்கவே வேண்டாம்.

அடுத்து ரோஸ் பாட்டை (Rose bot, குழுவைக் காவல் காக்கும் தானியங்கிக் கணக்கு) குழுவில் சேருங்கள். சேர்த்தால் மட்டும் போதாது, அட்மின் ஆக்கி, செய்தியை நீக்கவும் ஆளைத் தடைசெய்யவும் அனுமதி கொடுக்க வேண்டும்.

நான் மாட்டிக்கொண்டது இதற்கடுத்த இடத்தில். தடைச்சொல் பட்டியலில் "கடன்" என்று போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பார்த்தால் "கடனுக்கு அணுகவும்", "கடனை உடனே பெற" எல்லாம் அப்படியே நிற்கின்றன! விகுதி சேர்ந்தவுடன் ன் போய் னு, னை ஆகிவிடுகிறது, ரோஸுக்கு அது வேறு எழுத்து. ஆனால் தைப்பூசத்துக்குத் தேங் ரோடு கோயிலுக்குக் காவடி எடுக்கப்போகும் மாமா ஒருவர் "நேர்த்திக் கடன்" என்று எழுதியதை மட்டும் சரியாகப் பிடித்து அழித்திருந்தது. அவருக்கு நான் போன் போட்டு மன்னிப்பு கேட்க வேண்டியதாயிற்று. ஆங்கிலச் சொல்லைத் தடுத்தாலும் ரஷ்ய எழுத்தைக் கலந்து எழுதித் தப்பிவிடுகிறார்கள்.

ஆகவே சொல்லை விடுங்கள், வரும் வழியை அடைத்துவிடுங்கள். ரோஸின் லாக் கட்டளையில் யூஆர்எல் (இணைய முகவரி), ஃபார்வர்ட் (வேறிடத்திலிருந்து அனுப்பிவிட்ட செய்தி), இன்வைட்லிங்க் (வேறு குழுவுக்கான அழைப்பு) மூன்றையும் பூட்டினேன், முக்கால்வாசி நின்றது. புதியவர்கள் அட்மின் ஒப்புதலோடுதான் நுழைய முடியும் என்றும் வைத்தேன். ஒரு செய்தி போட்டபின் அடுத்ததற்குக் காத்திருக்க வைக்கும் ஸ்லோ மோட் எனக்குப் பிடிக்காது, விளம்பரக்காரன் ஒரு செய்தியோடு போய்விடுவான், அரட்டை அடிக்கும் நம்மவர்கள்தான் காத்துக் கிடப்பார்கள். 200 பேருக்கு மேல் இருந்தால் டெலிகிராமின் சொந்த ஸ்பேம் தடுப்பையும் போட்டுவிடுங்கள்.

நீக்கும்முன் ஆதாரத்துக்கு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நான் முதல் வாரம் எடுக்கவில்லை. மோசடியா என்று சந்தேகமாக இருந்தால் கேட்க, சிங்கப்பூரின் மோசடித் தடுப்புச் சேவையான ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண் 1799.

பின்சேர்க்கை: கோயில் அன்னதான லிங்க்கும் அழிகிறதே என்று இரண்டு பேர் கேட்டார்கள். அதை அனுப்புகிறவர்களின் செய்திக்கு ரிப்ளை செய்து ரோஸின் அப்ரூவ் கட்டளையைப் போடுங்கள், பூட்டு அவர்களைத் தொடாது. நம் மாமாவுக்கும் போட்டுவிட்டேன்.