டிராக்டர் பழகுகிறவர்களுக்கு: எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது

டிராக்டர் கையேட்டின் எச்சரிக்கைகளை வரிக்கு வரி கடைப்பிடிப்பவரை நான் பார்த்ததில்லை. ஏறுவதும் இறங்குவதுமாகப் பொழுது போகிற வேலையில் அது நடக்கவும் நடக்காது. எல்லா விதிக்கும் ஒரே எடை கொடுத்தால் எல்லாமே ஒன்றாகக் காற்றில் போய்விடும். அதனால் பிரித்தே சொல்கிறேன்.

1. ஏறுவதற்கு முன்

ஆயில், தண்ணீர், டயர் காற்று, சக்கர நட்டு. இரண்டு நிமிட வேலைதான். ஹைட்ராலிக் குழாயில், அதாவது கருவியைத் தூக்க அழுத்தத்தில் எண்ணெய் ஓடும் குழாயில், கசிவு தெரிந்தால் மட்டும் விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். முதலில் வலி அதிகம் தெரியாது, கடைசியில் அறுவை சிகிச்சையில் போய் நிற்கும். ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

2. பிரேக் பெடல்

இடது, வலது என இரண்டு பெடல்கள் இருக்கும். வயலில் குறுகத் திரும்புவதற்குத் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். சாலையில் ஏறும்போது இரண்டையும் கொக்கியால் இணைத்துவிடுங்கள். வேகத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி புரண்டுவிடும்.

3. காப்புச் சட்டம்

வண்டி உருண்டால் ஓட்டுநர் நசுங்காமல் இருக்கத்தான் இருக்கைக்குப் பின்னால் இந்த இரும்புச் சட்டம். புதிய டிராக்டர்களில் இதை ஸ்வீடன் 1959இலேயே கட்டாயமாக்கியது. தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் மடக்கிக்கொள்ளலாம், தவறில்லை. வெளியே வந்ததும் நிமிர்த்துங்கள். சட்டம் நிமிர்ந்திருந்தால் சீட் பெல்ட் அணிய வேண்டும், மடங்கியிருந்தால் அணியக் கூடாது. உருளும் வண்டியோடு பெல்ட் உங்களைக் கட்டிப்போட்டுவிடும்.

4. இழுப்பது

எதை இழுத்தாலும் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கட்டையில்தான் மாட்ட வேண்டும். பின்சக்கர அச்சுக்கு மேலே சங்கிலியைக் கட்டினால் முன்சக்கரம் எழும்பி வண்டி பின்பக்கமாகக் கவிழும். மீட்க முடியாத நிலையை வண்டி ஒரு நொடிக்குள் தாண்டிவிடும், கிளட்சை மிதிக்கக்கூட நேரம் இருக்காது. சேற்றில் சிக்கினால் பின்னோக்கி எடுத்துப் பாருங்கள். பின்சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னோக்கி ஏற்றும் வித்தையும் வண்டியைப் பின்பக்கமாகக் கவிழ்ப்பதுதான்.

5. பி.டி.ஓ. தண்டு

இன்ஜினின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொண்டுபோகும் தண்டு இது. இதில் எனக்குச் சமரசமே கிடையாது. பெரும்பாலான கருவிகளுக்கு இது நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது சுற்று. தளர்ந்த சட்டைக் கையோ தொங்கும் கயிறோ பட்டால், இழுத்துக்கொள்ள முடியும் என்று நினைத்து முடிப்பதற்குள் சுற்றிக்கொண்டுவிடும்.

தண்டின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறிபவர்கள் சொல்லும் காரணம், கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்பது. நியாயமான புகார்தான். அதற்கு வழி, உறையை நகர்த்தி கிரீஸ் அடித்துவிட்டு, அது தண்டோடு சேர்ந்து சுழலாமல் பிடித்து நிறுத்தும் சங்கிலியைத் திரும்ப மாட்டுவது. இன்ஜின் நின்றிருக்கும்போது உறையைக் கையால் திருப்புங்கள். தண்டு அசையாமல் உறை மட்டும் சுழன்றால் சரி. இரண்டும் சேர்ந்து திரும்பினால் உறை இருந்தும் பயனில்லை, மாற்றுங்கள்.

6. இறங்குவது

வாயிற்கதவைத் திறக்க இறங்கும்போதும் கையேடு இன்ஜினை நிறுத்தச் சொல்லும். சமதரை என்றால் நியூட்ரல், கைபிரேக், பி.டி.ஓ. நிறுத்தம் ஆகியவற்றோடு நான் விட்டுவிடுவேன். சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரில் சிக்கிய கொடியை எடுப்பதென்றால் கதை வேறு: இன்ஜினை அணைத்துச் சாவியைப் பையில் போட்டு, கத்திகள் முழுதாக நிற்கும்வரை காத்திருங்கள். தூக்கி நிறுத்திய கருவிக்கு அடியில், கட்டை முட்டுக்கொடுக்காமல் தலையை நீட்டாதீர்கள். ஹைட்ராலிக் எந்த நேரமும் இறங்கும்.

7. ஸ்டார்ட் ஆகாத வண்டி

தரையில் நின்றபடி ஸ்க்ரூடிரைவரால் ஸ்டார்ட்டர் முனைகளை இணைத்துக் கிளப்புவார்கள். அப்படிச் செய்யும்போது கியரில் இருந்தால் ஸ்டார்ட் ஆகவிடாத பாதுகாப்பு சுவிட்ச் வேலை செய்யாது. வண்டி கியரில் இருந்தால் கிளம்பிவிடும், நீங்கள் நிற்பது பின்சக்கரத்துக்கு நேர் முன்னால். பாட்டரியையும் இணைப்பு ஒயர்களையும் பாருங்கள். பல நேரங்களில் துருப்பிடித்த முனையைச் சுரண்டி இறுக்கினாலே வண்டி சாவியில் கிளம்பிவிடும்.