வன்னியில சின்னக் கடை நடத்துறவை வரிக் கணக்கு எழுதுற முறை

முதல்ல ஒண்டை மனசில வைச்சிருங்கோ, வரிக்காரருக்கு வருசம் எண்டுறது ஏப்ரல் 1ல தொடங்கி அடுத்த மார்ச் 31ல முடியிறது. எங்கட பக்கம் காலபோக வெட்டு முடிஞ்சு சனத்தின்ர கையில காசு புழங்கிறதும் அந்தக் கடைசி ரெண்டு மூண்டு மாசத்திலதான், அதால மார்ச்சில கடையில நல்ல நெருக்கடியா நிக்கேக்க கொப்பியைத் தூக்கி மூலையில போட்டிடாதேங்கோ.

கொம்பியூட்டர் கட்டாயமில்லை. ஒரு சீஆர் கொப்பி காணும், தமிழிலயே எழுதலாம், சட்டமே அதுக்கு இடம் குடுத்திருக்கு. இரவு கடை பூட்ட முதல் அண்டைய விற்பனை, கொள்முதல், கரண்ட் பில், சம்பளம், வாகனக் கூலி எல்லாத்தையும் திகதி போட்டு ஏத்துங்கோ. வீட்டுச் சமையலுக்கு எடுக்கிற சீனி பருப்பையும் எழுதோணும், ஆனா அது கடைச் செலவில்லை, தனிப் பக்கம்.

உண்மையான கரைச்சல் கடன் கொப்பியிலதான். "வயல் வெட்டிப்போட்டுத் தாறன்" எண்டு கார்த்திகையில பசளை கொண்டுபோறவர் மாசியில பாதியைத் தருவார், மிச்சம் அடுத்த போகத்துக்குப் போகும். கனபேர் காசு வந்த உடன கொப்பியில எழுதினதை வெட்டி விடுவினம், அதைச் செய்யாதேங்கோ, பிறகு என்ன வித்தது எப்ப காசு வந்தது எண்டு ஒருத்தருக்கும் விளங்காது. ஆள், சாமான், குடுத்த திகதி, தொகை, பக்கத்தில காசு வந்த திகதி, மிச்சம் எண்டு ஆறு நிரல் கீறுங்கோ.

நெல்லு, தேங்காய், கச்சான் எண்டு தோட்டக்காரரிட்ட நேர வாங்கிறனீங்கள் எண்டா அவையள் பில் தராயினம். நீங்களே ஒரு வவுச்சர் புத்தகம் வாங்கி பேர், அடையாள அட்டை நம்பர், எத்தினை கிலோ, என்ன விலை எண்டு எழுதி கையெழுத்து வாங்குங்கோ. இது இல்லாட்டி பிறகு செலவைக் காட்டுறது பெரும்பாடு. மெஷினில அடிக்கிற மினுங்கல் பில்லுகள் எங்கட வெக்கைக்கு வெள்ளைக் கடதாசியாப் போயிடும், வாங்கின கையோட போட்டோகொப்பி எடுத்து ரெண்டையும் சேர்த்துக் குத்தி வையுங்கோ.

கடைக் காசுக்கு வேற பாங்க் கணக்கு இருந்தா நல்லம், வெளிநாட்டில இருந்து தம்பி அனுப்பிற காசும் கடைக் காசும் ஒண்டா விழுந்தா எது வருமானம் எண்டு விளக்கியே களைச்சிடுவியள். வற் எண்ட பெறுமதி சேர் வரிக்குப் பதியாத ஆக்கள் பில்லில வற் எண்டு போட்டு காசு வாங்கக்கூடாது.

2025 ஏப்ரலில இருந்து தனியாளுக்கு வருசம் 18 லட்சம் ரூபா வரைக்கும் வருமான வரி விலக்கு. இது விற்பனைத் தொகை இல்லை, செலவு கழிச்சு வாற வருமானம், அதைக் காட்டவும் கொப்பிதான் வேணும். ரிட்டேர்ன், அதுதான் வருமானத்தைக் காட்டுற படிவம், குடுக்க நவம்பர் 30 கடைசி. கொப்பி, பில் எல்லாம் குறைஞ்சது 5 வருசம் வைச்சிருக்கோணும், கறையான் ஏறாத தகரப் பெட்டியில போடுங்கோ. கணக்குப் பார்க்கிறவரிட்டக் குடுக்கேக்க போட்டோகொப்பி எடுத்ததை மட்டும் குடுங்கோ, ஒரிஜினல் உங்கட கையிலயே இருக்கட்டும்.