சிங்கப்பூரில் வெளிநாட்டுக் கட்டுமான ஊழியர் முதலாளி மாற உதவுவது எப்படி

முதலில் வேலை அனுமதி முடியும் தேதியைக் கேளுங்கள். அதற்கு 40 நாள் முன்பிலிருந்து 21 நாள் முன்புவரை, இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலேயே வேறொரு கட்டுமான நிறுவனம் அவருக்காக விண்ணப்பிக்கலாம். பலர் இதை அறியாமல் நாளைக் கடத்திவிடுகிறார்கள். இரண்டு மாதம் முன்பே தேடத் தொடங்குவது நல்லது.

சம்பளப் பேச்சில் உண்மையான பலம் திறன் சான்றுதான். 2024 முதல் தமிழக ஊழியர் உயர்திறன் பிரிவில் இருந்தால் முதலாளி அவருக்காக அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை 500 வெள்ளி. அடிப்படைத் திறன் என்றால் 900. இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கேட்க அவரைப் பழக்குங்கள்.

முகவர் கட்டணம் ஒப்பந்தத்தின் ஓராண்டுக்கு அதிகபட்சம் ஒரு மாதச் சம்பளம், மொத்த உச்சவரம்பு இரண்டு மாதச் சம்பளம். ரசீது கட்டாயம் வாங்குங்கள். வேலை தர முதலாளியே பணம் கேட்டால் அது குற்றம், மனிதவள அமைச்சிடம் புகார் செய்யலாம். வேலை அனுமதிக்கு அமைச்சு தரும் ஒப்புதல் கடிதத்தில் உள்ள அடிப்படைச் சம்பளத்தை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து.