டிரெய்லர் டயருக்கு வயதுதான் எமன்

சென்ற சனிக்கிழமை சிங்கப்பூரின் சாங்கியில், படகு இறக்கும் சாய்தளத்துக்கு அருகே ஒரு தம்பியைப் பார்த்தேன். 17 அடிப் படகு ஒன்றை, அதைக் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லரோடு சேர்த்துப் பழையதாக வாங்கியிருக்கிறார். அடுத்த வாரம் எல்லை தாண்டி, மலேசியாவின் ஜோகூர் மாநிலத்திலுள்ள மெர்சிங் போகிறாராம். டயரை இரண்டு உதை உதைத்துவிட்டு, தரையில் படும் அதன் மேடுபள்ள ரப்பரைக் காட்டி, "பட்டன் தேயவே இல்லை அண்ணே, புது டயர் மாதிரிதான் இருக்கிறது" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே வார்த்தையை நானும் ஒருநாள் சொல்லியிருக்கிறேன்.

காற்று அடிக்க வேண்டும், ஆணி குத்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிட்டு, பலரும் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பட்டனைப் பார்த்து டயரை நம்புவது

கார் டயர் ஓடித் தேய்கிறது. படகு டிரெய்லரின் டயர் நின்றே கெடுகிறது. நம் ஊரில் ஒரு படகு சாலைக்கு வருவது ஆண்டுக்குப் பத்துத் தடவை இருந்தாலே அதிகம். மற்ற நாளெல்லாம் சிமெண்டுத் தரையில், நிலநடுக்கோட்டு வெயிலில், முழுப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது. பட்டன் எப்படித் தேயும்?

டயர் ரப்பரில் மெழுகைப் போன்ற பொருள்களைக் கலந்திருப்பார்கள். சக்கரம் உருளும்போது ரப்பர் வளைந்து நெளியும். அப்போது அவை மெல்லக் கசிந்து மேற்பரப்புக்கு வந்து, காற்றிலுள்ள ஓசோன் ரப்பரை அரிக்காமல் காக்கும். உருளாத டயரில் இந்தக் கசிவு சரியாக நடப்பதில்லை. பக்கவாட்டில் முதலில் முடி போன்ற கோடுகள் தோன்றும், பிறகு விரிசல் விடும். உள்ளே இருக்கும் நூல் அடுக்குக்கும் ரப்பருக்கும் இடையிலுள்ள பிடிப்பும் வெப்பத்தில் தளர்ந்துவிடும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது.

2013 ஜூனில் நான் நண்பர் ஒருவரோடு விடியற்காலையில் மெர்சிங் புறப்பட்டேன். கோத்தா திங்கியைத் தாண்டி, ஜெமாலுவாங் நெருங்கும்போது இடது டயர் வெடித்தது. பட்டன் பகுதி அப்படியே உரிந்து, சாட்டைபோல் சுழன்று மட்கார்டைப் பிய்த்து, பின்விளக்கின் ஒயரையும் அறுத்துக்கொண்டு பறந்தது. எங்களுக்குப் பின்னால் ஒருவர் மோட்டார்சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். ரப்பர்த் துண்டு அவர் முன்னால் விழ, வண்டியைப் புல்லில் இறக்கிவிட்டார். நல்லவேளை, காயமில்லை. நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டபோது அவர் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கைகளை இன்றுவரை மறக்க முடியவில்லை. இந்த ஒரு தவறைப் பற்றி எப்போது பேசினாலும் எனக்குக் குரல் உயர்வது அதனால்தான்.

கதை அதோடு முடியவில்லை. ஸ்பேர் டயரை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். 20 கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம், அதுவும் பக்கவாட்டில் பிளந்துவிட்டது. மூன்று டயரையும் முந்தைய உரிமையாளர் ஒரே நாளில் வாங்கியிருக்கிறார். ஓடாமலே தொங்கிக்கொண்டிருந்த ஸ்பேருக்கும் அதே வயது, அதே வெயில். படகை லாரியில் ஏற்றித் திரும்பினேன். லாரி வாடகை, இரண்டு ரிம், மூன்று டயர், மட்கார்ட், ஒயர் எல்லாம் சேர்ந்து 1,900 வெள்ளிக்கு மேல் போயிற்று. முன்கூட்டியே மூன்று டயரை மாற்றியிருந்தால் அதில் கால்பங்குகூட ஆகியிருக்காது.

டயர் பிறந்த தேதி அதன் மேலேயே இருக்கிறது. பக்கவாட்டில் 'டாட்' (DOT) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். என் டயரில் 1105 என்று இருந்தது. எட்டு வயதைத் தாண்டிய டயரை நம்பி எல்லை கடந்திருக்கிறேன்! பல டயர்களில் இந்த நான்கு இலக்கமும் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். வெளியே காணவில்லை என்றால், அட்டையை விரித்துப் படுத்து, டார்ச் அடித்து உட்பக்கத்தைப் பாருங்கள். தம்பியும் நானும் அன்று அப்படித்தான் படுத்துப் பார்த்தோம். ஒன்பது வயது.

ஐந்து ஆண்டு ஆனால் மாற்றிவிடுவது என் வழக்கம். விரிசலே இல்லாவிட்டாலும் மாற்றுகிறேன். அந்த ஐந்து ஆண்டுக்கு இடையிலும், பட்டனின் பள்ளங்களுக்குள்ளும் தரையோடு பிதுங்கி நிற்கும் இடத்திலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். விரிசலில் நகம் மாட்டினால் ஐந்து ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம். புதிய டயர் வாங்கும்போதும், கடைக்காரர் ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே தேதியைப் பார்த்துவிடுங்கள். டிரெய்லர் அளவு டயர் மெதுவாகத்தான் விற்கும். எனக்கு ஒருமுறை 'புதிய' டயர் என்று எடுத்து வைத்தது மூன்று ஆண்டு கிடங்கில் கிடந்த சரக்கு.

நிறுத்தி வைக்கும்போது ஜாக்கி கொடுத்துப் பாரத்தை டயரிலிருந்து எடுத்துவிட்டு, பழைய கித்தானால் சக்கரத்தை மூடுங்கள். ஸ்பேர் டயரையும் சேர்த்து.

சூடான டயரில் காற்றைக் குறைப்பது

ஜோகூர் போகிறவர்கள் செய்யும் தவறு இது. சாங்கியிலிருந்து தெம்பனிஸ், சிலேத்தார் விரைவுச்சாலைகள் வழியாக உட்லண்ட்ஸ் வந்து, சோதனைச்சாவடிக்கு முன்னால் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்துவார்கள். எல்லை தாண்டக் காரில் முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்பதால் எப்படியும் நிறுத்தத்தான் வேண்டியிருக்கும். அப்படியே டிரெய்லருக்கும் காற்றுப் பார்ப்பார்கள். காற்றழுத்தம் 50 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் 55 காட்டும். அதிகமாகிவிட்டதே என்று ஐந்தைத் திறந்துவிடுவார்கள்.

கொதித்துக்கொண்டிருக்கும் டயரில் காற்று விரிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆறியபின் அளந்தால் 45தான் இருக்கும். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக நசுங்கும். நசுங்க நசுங்க மேலும் சூடேறும். வெடிப்பதற்கு அந்தச் சூடே போதும். டயரிலும் டிரெய்லரின் தகட்டிலும் குறித்திருப்பது ஆறிய டயருக்கான அளவு. கிளம்புவதற்கு முன், நிழலில், உங்கள் சொந்த அளவியால் பாருங்கள்.

பளபளப்புக்கு எண்ணெய் பூசுவது

பூசாதீர்கள். பெட்ரோலிய எண்ணெய் அந்த மெழுகையே கரைத்துவிடும்.

படகின் எடையை மட்டும் கணக்கில் எடுப்பது

டயரின் சுமை எண் 80 என்றால் ஒரு டயர் 450 கிலோ தாங்கும், இரண்டுக்கும் 900. தம்பியின் படகு 550 கிலோ. "நிறைய இடம் இருக்கிறதே அண்ணே" என்றார். எஞ்சின் 165, டிரெய்லர் 220, 100 லிட்டர் பெட்ரோல் 75, ஐஸ் பெட்டியும் தூண்டில் சாமான்களும் 60 என்று அவர் கைப்பேசியிலேயே கூட்டச் சொன்னேன். 1,070 வந்தது. காரின் கொக்கி கொஞ்சம் தாங்கும் என்று கழித்தாலும் 900-க்குள் வரவில்லை. படகுக்கான பெட்ரோலை மெர்சிங்கில் நிரப்பிக்கொள்ளுங்கள், ஐஸையும் அங்கேயே வாங்குங்கள் என்றேன். டயரை மாற்றும்போது சுமை எண் கூடியதாக, ரிம்மும் அந்தப் பாரத்தைத் தாங்கும்படி பார்த்துப் போடவும் சொன்னேன்.

வேகம்

கார் போகும் வேகம் டிரெய்லர் டயருக்கு ஆகாது.

நட்டை ஒருமுறை முடுக்கியதோடு விடுவது

சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு ஓடும் முதல் 80 கிலோமீட்டருக்குள் நட்டு தளரக்கூடும். குறித்த அளவுக்கு நட்டை முடுக்க உதவும் டார்க் ரெஞ்ச் காரில் இருக்கட்டும். நான் கோத்தா திங்கியில் நிறுத்தி, எல்லா நட்டையும் ஒரு சுற்றுப் பார்ப்பேன். பிறகு புறங்கையை, சக்கரத்தின் நடுவில் பேரிங் இருக்கும் ஹப்பின் அருகே கொண்டுபோய், சூடு தெரியாவிட்டால் தொட்டுப் பார்ப்பேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங்கில் கிரீஸ் இல்லாமல் போயிருக்கலாம், அல்லது கடல்நீர் புகுந்திருக்கலாம். அங்கிருந்து நகரக் கூடாது. மெர்சிங் சேர்ந்ததும் ஹப் ஆறாமல் படகைத் தண்ணீரில் இறக்கவும் கூடாது. சூடான ஹப் குளிர்ந்த நீரில் படும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, கடல்நீரை உறிஞ்சிக்கொள்ளும். அரைமணி நேரம் காத்திருங்கள்.