தமிழில் ஊர்ப் பெயர் எழுதினால் விழும் புரோகிராம்: பஃபர் ஓவர்ஃப்ளோவைத் திருத்துவது

கிளிநொச்சிப் பக்கம் ஒரு கமக்காரர் அமைப்புக்கு யாரோ எப்போதோ சி மொழியில் எழுதிய புரோகிராம் கைக்கு வந்தது. பெயர், ஊர், நெல் மூடை என்று கொமாவால் பிரித்த ஃபைலை வாசிக்கும். ஊரை ஆங்கிலத்தில் எழுதியவரை சிக்கல் இல்லை. தமிழுக்கு மாற்றியதும் மூடைக் கணக்கு தாறுமாறானது.

ஊருக்கு ஒதுக்கிய பஃபர், அதாவது வாசித்ததை வைக்கும் நினைவக இடம், 32 பைற். எழுத்துகளைப் பைற்றாகப் பதியும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைற். மெய்யின் புள்ளியும் தனிக் குறிதான். ஆகவே மாங்குளம் 27 பைற், கிளிநொச்சி 30, முல்லைத்தீவு 36, புதுக்குடியிருப்பு 54. ஊரைப் பைற் பைற்றாகப் பஃபரில் எழுதும் லூப்போ கொமா வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு எழுதிக்கொண்டே போகும். இடம் முடிந்தால் பக்கத்து நினைவகத்தின்மேல் எழுதும், அதுதான் பஃபர் ஓவர்ஃப்ளோ.

ஊகிக்க வேண்டாம். ஜிசிசி கம்பைலரில் அட்ரஸ் சானிரைசர் என்ற நினைவகச் சோதனையைப் போட்டு, டிபக் தகவலோடு கம்பைல் பண்ணி ஓட்டுங்கள். எந்த வரியில் தாண்டியது என்று சொல்லிவிடும். வல்கிரைண்ட் என்ற இன்னொரு சோதனைக் கருவியை இதற்கு எடுக்க மாட்டேன். ஸ்ராக்கில் (ஃபங்ஷனின் உள்மாறிகள் இருக்கும் நினைவகப் பகுதியில்) உள்ள அரேயைத் தாண்டுவதை அதன் நினைவகச் சோதனையான மெம்செக் பெரும்பாலும் பிடிக்காது.

அடுத்து லூப்பின் நிபந்தனை. கொமாவில் மட்டுமல்ல, வரி முடிவிலும், எழுத்துச் சரம் முடிந்ததைக் காட்டும் பூச்சியப் பைற்றிலும் நிற்க வேண்டும்.

இனித்தான் இடறும் இடம். பஃபர் நிரம்பியதும் லூப்பை விட்டு வெளியேறத்தான் கை போகும். அப்படிச் செய்தால் வாசிக்கும் இடத்தைக் காட்டும் பொயின்ரர் பெயரின் நடுவிலேயே நின்றுவிடும். ‘புதுக்குடி’ பஃபரில் இருக்க, ‘யிருப்பு’ என்ற வால், ‘ய’ உடைந்தபடி, மூடைப் பத்திக்குள் நுழையும். எண்ணாக மாற்றினால் 0. ஆகவே பொயின்ரரை எப்போதும் நகர்த்துங்கள். பஃபரில் எழுதுவதை மட்டும் இடம் இருந்தால் செய்யுங்கள். இடம் என்றால் 31தான், கடைசிப் பைற் பூச்சியத்துக்கு.

அந்த அளவை, அரேயை வாங்கும் ஃபங்ஷனுக்குள், அளவைச் சொல்லும் சைஸ்ஒஃப் (sizeof) போட்டு எடுக்காதீர்கள். அரே அங்கே பொயின்ரராகத்தான் வந்து சேரும். 64 பிற் கணினியில் பொயின்ரரின் அளவான 8 என்றே விடை வரும். அளவைத் தனியாக அனுப்புங்கள்.

வெட்டுப்பட்ட பெயரைப் பதிவதில் எனக்கு உடன்பாடில்லை. பஃபரை 128 ஆக்கி, அதையும் மிஞ்சினால் வரி எண்ணைக் காட்டி அந்த வரியை ஒதுக்கிவிடுகிறேன். பெருப்பித்ததோடு நின்றுவிடாதீர்கள், சோதனை இல்லாத லூப் 128ஐயும் தாண்டும்.

பின்சேர்க்கை: நண்பர் ஒருவருக்குக் கிளிநொச்சி 33 பைற் காட்டியது. ‘நொ’வின் கொம்பையும் (ெ) அரவையும் (ா) தனித்தனிக் குறியாகப் பதியும் விசைப்பலகை அவருடையது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பழைய 32க்குள் அடங்கிய ஊர் இப்படி எழுதினால் அடங்காது. சோதனை ஃபைலில் இரண்டு வடிவத்தையும் போடுங்கள்.