ஸ்போர்ட்ஸ் காரில் பாதத்தைச் சுடும் வெப்பம்: படிப்படியாகக் குறைக்கும் வழி

அரை மணி நேரம் ஓட்டியதுமே கிளட்ச் பெடலுக்குப் பக்கத்தில் இடது பாதம் வெந்துபோகிறது. கியர் லிவரின் அடிப்பகுதியில் கை வைக்க முடியவில்லை. ஏசியை எவ்வளவு கூட்டினாலும் முகம் குளிர்கிறதே தவிர, முழங்காலுக்குக் கீழே அனல் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் பலர் இதை விதியென்று ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அப்படிச் சகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. இந்தச் சூட்டில் பெரும்பகுதியை, ஓரளவு கருவிகளைக் கையாளத் தெரிந்த எவரும் இரண்டு மூன்று விடுமுறை நாள்களில் குறைத்துவிடலாம்.

இந்தக் கார்களின் அமைப்பே வெப்பத்துக்கு இடம் கொடுப்பது. எடை சமமாகப் பரவ வேண்டும் என்பதற்காக இன்ஜினைப் பின்னுக்குத் தள்ளிக் கேபினோடு ஒட்டி வைத்திருப்பார்கள். கார் தரையோடு தாழ்ந்திருப்பதால் எக்ஸாஸ்ட் குழாய் கேபின் தரைத்தகட்டை ஏறத்தாழ உரசிக்கொண்டு போகும். எடை கூடும் என்று கனமான உள்விரிப்புகளையும் தவிர்த்திருப்பார்கள். இன்ஜின் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் கார்களில் பாதத்துக்குப் பதில் முதுகு சுடும். மெக்லாரன் எஃப்1 காரின் இன்ஜின் அறைக்குள் தங்க ரேக்கு ஒட்டினார்கள். அது பகட்டுக்காக அல்ல; அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்புவதில் தங்கம் அவ்வளவு சிறந்தது.

நமக்குத் தங்கம் வேண்டியதில்லை, வேலையின் வரிசைதான் முக்கியம். என் பழைய இரண்டு இருக்கைக் காரில் நான் முதலில் செய்தது, இருக்கைகளையும் கார்பெட்டையும் கழற்றிவிட்டுத் தரை முழுவதும் வெப்பத் தடுப்பு விரிப்பு ஒட்டியதுதான். முழுதாக இரண்டு நாள் ஆனது. மறுநாள் ஓட்டிப் பார்த்தால் பாதம் முன்போலவே சுட்டது. உண்மையான காரணம் வேறு. யாரோ எப்போதோ கூடுதல் ஒயர் இழுப்பதற்காக ஃபயர்வாலில், அதாவது இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டில், துளையிட்டு மூடாமல் விட்டிருந்தார்கள். ஒரு நாணயம் அளவுள்ள அந்தத் துளை வழியாக இன்ஜின் காற்று நேராக என் கணுக்காலில் வீசிக்கொண்டிருந்தது. ஆகவே கார்பெட்டுக்கு அடியில் செய்யும் வேலையை இந்தக் கட்டுரையில் கடைசியில்தான் வைத்திருக்கிறேன்.

படி 1: எங்கிருந்து வருகிறது என்று அளந்து பாருங்கள்

துப்பாக்கி வடிவில் இருக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று போதும். எப்போதும் ஒரே பாதையில், ஒரே வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தியதும் பெடலுக்குப் பின்னுள்ள தகடு, பாதம் வைக்கும் தரை, நடுவில் மேடாக ஓடும் டனலின் இரு பக்கங்கள், கியர் லிவரின் அடி, இருக்கைக்குக் கீழ், இருக்கைக்குப் பின்னுள்ள தடுப்புத் தகடு ஆகிய இடங்களை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வெளியே அன்று எவ்வளவு வெப்பம் என்பதையும் எழுதுங்கள். இல்லையென்றால் பிறகு ஒப்பிட முடியாது.

பளபளக்கும் உலோகத்தின் மேல் இந்தக் கருவி ஏமாற்றிவிடும்; உண்மைச் சூட்டைவிட மிகக் குறைவாகக் காட்டும். அந்த இடத்தில் ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டி, டேப்பின் மேல் அளந்தால் சரியாக இருக்கும்.

இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மறுபடியும் அளந்து பாருங்கள். கூலன்ட் ஓட்டமும் காற்றோட்டமும் நின்றுவிடுவதால் சில இடங்களில் சூடு இன்னும் ஏறியிருக்கும். ஓடும்போது மட்டும் சுடும் இடத்தில் காற்றுக் கசிவைச் சந்தேகிக்கலாம். நின்ற பிறகும் ஏறிக்கொண்டே போகும் இடம் பெரும்பாலும் எக்ஸாஸ்டின் கதிர்வீச்சை வாங்கும் இடம்.

படி 2: சூடான காற்று புகும் துளைகளை அடையுங்கள்

செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம். இருட்டிய பிறகு, ஆறிய இன்ஜின் அறைக்குள் பிரகாசமான விளக்கை வைத்து பானெட்டைச் சாத்துங்கள். கேபினுக்குள் குனிந்து, பெடல்களுக்குப் பின்னால் பாருங்கள். எங்கெல்லாம் ஒளிப்புள்ளி தெரிகிறதோ அங்கெல்லாம் காற்றும் வரும். ஒயர் கட்டுகள், கிளட்ச் கேபிள், ஸ்டீயரிங் தண்டு, ஹீட்டர் குழாய்கள் நுழையும் இடங்களில் உள்ள ரப்பர் வளையங்கள் வயதாகி வெடித்திருக்கும், அல்லது காணாமலே போயிருக்கும். வளைந்து செல்லும் வழிகளில் ஒளி தெரியாது. அவற்றை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சரியான அளவு ரப்பர் வளையம் கிடைத்தால் அதையே போடுங்கள். மிச்ச இடுக்குகளுக்கு அதிக வெப்பம் தாங்கும் சிலிகான் பசை போதும். வீட்டில் பயன்படுத்தும் உப்பி நிறையும் நுரையை மட்டும் இன்ஜின் பக்கம் பயன்படுத்தாதீர்கள், அது எரியக்கூடியது.

கியர் லிவரின் அடியில் வெளியே தெரியும் தோலுறைக்குக் கீழே ஒரு ரப்பர் உறை இருக்கும். கியர்பாக்ஸின் மேலுள்ள சூடான காற்றைத் தடுப்பது அதுதான். அது கிழிந்திருந்தால் டனலின் அனல் முழுவதும் உங்கள் கைக்கு வரும்.

பலர் கவனிக்காத இன்னொரு வழி உண்டு. பானெட்டின் பின்விளிம்பில், முன்கண்ணாடிக்குச் சற்று முன்னால், ஒரு நீள ரப்பர் பட்டை ஓடும். கேபினுக்கான வெளிக்காற்று பெரும்பாலான கார்களில் அந்தக் கண்ணாடியின் அடியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பட்டை நைந்துபோனால் இன்ஜினின் சூடான காற்று அங்கே ஏறி, காற்றுத் துவாரம் வழியாக உங்கள் முகத்துக்கே வந்துவிடும். காற்றை உள்சுழற்சிக்கு மாற்றியதும் அனல் குறைந்தால், இந்தப் பட்டையைப் பாருங்கள்.

படி 3: ஹீட்டர் உண்மையில் மூடியிருக்கிறதா?

டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் ஒரு சின்ன ரேடியேட்டர். ஏறக்குறைய 90 டிகிரி சூட்டில் கூலன்ட் அதற்குள் ஓடுகிறது. பழைய கார்கள் பலவற்றில் இந்த ஓட்டத்தை ஒரு வால்வு நிறுத்தும். கேபிள் தளர்ந்து அந்த வால்வு முழுதாக மூடாவிட்டால், குமிழைக் குளிருக்குத் திருப்பி வைத்தாலும் கோடை முழுக்க ஹீட்டரோடுதான் பயணம். இன்ஜின் சூடானபின் நிறுத்திவிட்டு, ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் வெப்பமானியால் அளந்து பாருங்கள். வால்வு உள்ள காரில், மூடிய நிலையில் இரண்டும் ஒரே மாதிரி கொதித்தால் வால்வு முழுதாக மூடவில்லை என்று பொருள். புதிய கார்களில் கூலன்ட் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். காற்றைத் திசை மாற்றும் ஒரு மடிப்புக் கதவுதான் கட்டுப்படுத்துகிறது. அங்கே கதவு முழுதாகச் சாத்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

படி 4: எக்ஸாஸ்ட் கசிவு

இந்தப் படியை யாரும் தாண்டிவிடாதீர்கள். மேனிஃபோல்டு, அதாவது இன்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து எக்ஸாஸ்ட் குழாய்க்கு அனுப்பும் பகுதி, இன்ஜினோடு சேரும் இடத்திலுள்ள கேஸ்கெட் அருகிலும் குழாய் இணைப்புகளிலும் கரி படிந்த கறுப்புக் கீற்று தெரிந்தால் அங்கே கசிவு. இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் கிளப்பும்போது ‘டிக் டிக்’ என்று கேட்டுச் சூடானதும் அடங்கும் சத்தமும் அதையே சொல்லும். கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. ஓட்டும்போது தலைவலியோ மயக்கமோ வந்தால் உடனே வண்டியை நிறுத்தி வெளியே வாருங்கள். கசிவைச் சரிசெய்யும் வரை ஓட்டாதீர்கள்.

எக்ஸாஸ்ட் அளவுக்கு மீறிச் சுடுவதற்கு இன்ஜினும் காரணமாக இருக்கலாம். பற்றவைப்பு நேரம் பின்தங்கினாலும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டாலும் குழாய் செந்தணலாகும். அந்த நிலையில் எவ்வளவு மறைப்பு போட்டாலும் பயனில்லை. முதலில் இன்ஜினைச் சரிசெய்யுங்கள்.

படி 5: தகடு மறைப்பும் காற்று இடைவெளியும்

இதுதான் வேலையின் மையம். கடுமையாக ஓட்டும்போது மேனிஃபோல்டின் மேற்பரப்பு 600 டிகிரியைத் தாண்டக்கூடும். வெப்பக் கதிர்வீச்சு, தனிவெப்பநிலையின் (கெல்வினில் அளப்பது) நான்காம் அடுக்காகக் கூடும். 400 டிகிரியில் இருக்கும் குழாயைவிட 600 டிகிரியில் இருக்கும் குழாய் ஏறத்தாழ 2.8 மடங்கு கதிர்வீச்சைத் தருகிறது. அதனால் கேபினுக்கு உள்ளே போராடுவதைவிட, வெப்பம் பிறக்கும் இடத்தின் பக்கத்திலேயே அதை மறிப்பது எளிது.

முதலில் காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கில் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளில் இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. எக்ஸாஸ்ட் முழுதாக ஆறியிருக்க வேண்டும். தொழிற்சாலையில் போட்ட மறைப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பழுது பார்க்கும்போது கழற்றி, திரும்ப மாட்டாமலே விட்டிருக்கும் கார்கள் ஏராளம்.

புதிதாகச் செய்வதென்றால் மெல்லிய, மேடுபள்ளம் பதித்த அலுமினியத் தகடு கையால் வளைக்க எளிது. முதலில் அட்டையில் வெட்டி வடிவம் பாருங்கள். பொருந்தியதும் அதைத் தகட்டில் வரைந்து வெட்டி, கூர்மையான விளிம்பை மடித்துவிடுங்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். எனவே மேனிஃபோல்டையும் கன்வெர்ட்டரையும் ஒட்டிய இடங்களுக்குத் துருப்பிடிக்காத எஃகுத் தகடு நல்லது.

தகட்டைத் தரையோடு ஒட்டிவிடாதீர்கள். குழல் வடிவ எஃகு ஸ்பேசர்களை வைத்து, காரின் உடலிலிருந்து 10 முதல் 20 மில்லிமீட்டர் தள்ளி நிறுத்துங்கள். தகட்டுக்கும் உடலுக்கும் நடுவில் காற்று ஓட வேண்டும். தொட்டுக்கொண்டிருந்தால் தகடு வாங்கிய சூட்டை நேராக உடலுக்குக் கடத்திவிடும். பளபளப்பால் பயனே இருக்காது. வெள்ளிநிற ஒட்டுத்தாளுக்கும் இதே விதிதான். அதன் பளபளப்பு முகம் காற்றைப் பார்த்திருந்தால் மட்டுமே கதிரைத் திருப்பும். இரண்டு அடுக்குகளுக்கு இடையில் நசுங்கிக் கிடந்தால் அது வெறும் உலோகத்தாள்.

பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ஒயர்கள் எதுவும் தகட்டுக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவில் மாட்டக்கூடாது. இன்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் அசையும் என்பதால் குழாய் தகட்டில் இடிக்காத அளவுக்கு இடம் விடுங்கள்.

படி 6: குழாய்க்குச் சுற்றும் நாடா வேண்டுமா?

கண்ணாடியிழை அல்லது பசால்ட் இழை நாடாவைக் குழாயில் சுற்றினால் சூடு உள்ளேயே தங்கிப் பின்னால் போய்விடும். பலன் உண்மை. ஆனால் இது எல்லாக் காருக்கும் ஏற்றதல்ல என்பது என் கருத்து. நாடா ஈரத்தைப் பிடித்துவைப்பதால் சாதாரண எஃகுக் குழாய் வேகமாகத் துருப்பிடிக்கும். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் விரிசல் வரலாம். எண்ணெய் ஒழுகும் இன்ஜினில் அது எண்ணெயில் ஊறித் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. கன்வெர்ட்டரின் மேல் சுற்றவே வேண்டாம்.

துருப்பிடிக்காத எஃகுக் குழாய் என்றால் தாராளமாகச் சுற்றலாம். கையுறை, முழுக்கைச் சட்டை, முகமூடி அணியுங்கள். இழைத்தூள் தோலை அரிக்கும், நுரையீரலுக்கும் கெடுதல். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் கால் பங்கை மூடும்படி இறுக்கிச் சுற்றி, எஃகுப் பட்டைகளால் கட்டுங்கள். முதல் முறை சூடாகும்போது கொஞ்சம் புகை வரும். அதனால் திறந்த வெளியில் வைத்து ஓடவிடுங்கள். செலவு செய்ய முடிந்தால், குழாயைக் கழற்றி செராமிக் பூச்சு கொடுப்பது நீண்ட நாளைக்குச் சிறந்தது.

இங்கே ஒரு தவறான பழக்கத்தையும் சொல்ல வேண்டும். பானெட்டின் பின்விளிம்பை வாஷர் வைத்து உயர்த்தினால் சூடு வெளியேறும் என்று செய்கிறார்கள். நின்றிருக்கும்போது வெளியேறும். ஓடும்போது முன்கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் அதிகம் என்பதால் காற்று அங்கே உள்ளே நுழையும். அதோடு, நாம் இரண்டாம் படியில் அடைத்த வழியே மறுபடி திறந்துகொள்ளும்.

படி 7: இப்போது கார்பெட்டைத் தூக்கலாம்

அதிர்வைக் குறைக்கும் பியூட்டைல் ரப்பர் விரிப்பு வேறு, வெப்பத்தைத் தடுக்கும் விரிப்பு வேறு. முதலாவது சத்தத்துக்கு நல்லது. வெப்பத்தைப் பெரிதாகத் தடுக்காது. தார் சேர்ந்த மலிவு வகை டனல் சூட்டில் இளகி நாறும். வெப்பத்துக்கு மூடிய துளைகள் கொண்ட நுரை விரிப்பு அல்லது பஞ்சு அடுக்கு வேண்டும். உறையில் எத்தனை டிகிரி தாங்கும் என்று பார்த்து, படி 1-இல் குறித்த எண்ணோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

தரைத்தகட்டைச் சுத்தமாகத் துடைத்து, துரு இருந்தால் நீக்கி, டனலிலும் ஃபயர்வாலின் கீழ்ப்பகுதியிலும் முதலில் ஒட்டுங்கள். தரையிலுள்ள வடிகால் துளைகளையும் இருக்கை போல்ட் இடங்களையும் மூடாதீர்கள். மஞ்சள் உறையிட்ட ஏர்பேக் ஒயர்களை இழுக்காதீர்கள்; இருக்கையைக் கழற்றும் முன் பேட்டரியைத் துண்டியுங்கள். பெடல்களுக்குக் கீழே தடிமன் கூடினால் கிளட்ச் முழுதாக அமுங்காமல் போகலாம். கார்பெட்டைப் போட்டபின் மூன்று பெடல்களையும் அடிவரை மிதித்துப் பாருங்கள்.

படி 8: அதே பாதையில் மறுபடி

ஒவ்வொரு படிக்குப் பிறகும் அளப்பது நல்லது. எது பலித்தது என்று அப்போதுதான் தெரியும். முதல் நீண்ட ஓட்டத்துக்குப் பின் அடியில் குனிந்து மறைப்பின் போல்ட்களை இறுக்குங்கள். தகடு சூட்டில் விரிந்து சுருங்குவதால் அவை தளரும்.

என் காரில் கிளட்ச் பெடலுக்குப் பக்கத்துத் தரை முதலில் 61 டிகிரி காட்டியது. துளையை அடைத்து ஹீட்டர் கேபிளைச் சரிசெய்ததும் 50, தகடு மறைப்புக்குப் பின் 42. இப்போது கியர் லிவரின் அடிதான் அதிகம் சுடுகிறது. உள் ரப்பர் உறையில் ஒரு கீறல் இருப்பதைப் போன வாரம்தான் பார்த்தேன். புதியது வந்ததும் மாற்றிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.